லிலியானுக்குச் சமைப்பவர்கள்

செலரிக் கிழங்குத் துருவல் டப்பாவைக் கண்ணுக்கு நேரே தூக்கி மெல்லச் சாய்க்கிறாள் லிலியான். மயோனைஸ் துருவலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் நல்ல டப்பா. ஓரத்தில் தண்ணீர் ஓடினால், "இது நேத்தே அழுதுடுச்சு" என்று சொல்லித் திரும்ப வைத்துவிடுவாள். மூடியில் அச்சடித்திருக்கும் படத்தை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "படம் பிடிச்சவன் சாப்பிட்டுப் பார்த்தா பிடிச்சான்?" என்பாள். பக்கத்தில் ஆள் நின்றாலும் சொல்வாள், நிற்காவிட்டாலும் சொல்வாள்.

சனிக்கிழமை காலை என்றால் பிரான்சின் மோன்லுசோன் ஊரில் அவளைத் தேடி வீட்டுக்குப் போகவேண்டாம், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் போதும். சக்கரம் வைத்த துணிப்பையை இழுத்துக்கொண்டு முதலில் ஒரு சுற்று வெறுமனே வருவாள். எதையும் தொடமாட்டாள். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிறவர்களின் முகம் அப்போது அவளுக்கு. குளிர் அலமாரியில் உருளை மசியலுக்கு அடியில் கொத்துக்கறி பதுக்கிய தட்டு, கருவாட்டு மசியல், வினிகரில் ஊறிய பன்றித் தாடை. தகர டப்பா வரிசையில் பருப்பும் சாசேஜும், வாத்துக்கால் கிடக்கும் வெள்ளை மொச்சைக் குழம்பு, கண்ணாடி ஜாடியில் செங்கல் நிற மீன் சூப். எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து முடித்த பிறகுதான் இரண்டாம் சுற்று. பைக்குள் பொருள் விழுவது அப்போதுதான்.

காய்கறிப் பக்கம் மட்டும் அவள் நடை மாறிவிடும். லீவு நாளில் கடைத்தெருவில் மேனேஜரைப் பார்த்துவிட்டவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று கடந்துவிடுவாள். வெங்காயத்தையும் கேரட்டையும் வாரம் முழுக்கப் பார்க்கிறாள். சனிக்கிழமையும் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

லிலியானின் வேலை சமையல்தான். நகராட்சிப் பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. தலையில் வலைத்தொப்பி, காலில் வழுக்காத வெள்ளைச் செருப்பு, கையில் படகுத் துடுப்புக்குத் தம்பி போல ஒரு கரண்டி. அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்றைக்கு ஊரில் பஸ் ஓட்டுகிறார்கள், முடி வெட்டுகிறார்கள், ஒருத்தி பல் பிடுங்குகிறாள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் அடுப்பைப் பற்றவைப்பதில்லை. மைக்ரோவேவ் உண்டு, ஓவன் உண்டு, டப்பா திறக்கும் கருவி ஒன்று ஆணியில் தொங்குகிறது. அவ்வளவுதான் சமையலறை.

கேன்டீனில் கூட வேலை செய்யும் ஃபத்திஹாவுக்கு இது பொறுக்காது. அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குஸ்குஸ் என்றால் தெருவே மணக்கும்.

"ஏண்டி லிலி, ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுறே, உன் வயித்துக்கு மட்டும் தகர டப்பாவா? வெளியில சொன்னா என் மானம் போகுதுடி."

"உன் மானம் எதுக்குடி போகுது? நாள் பூரா என் கை வெங்காயம் நாறுது. சாயங்காலமாவது எனக்கு ஒருத்தர் சமைச்சுப் போட வேணாமா?"

"யாரு, அந்த மெஷினா?"

"மெஷின் உப்பு பார்க்குமா? அங்கயும் ஒருத்தி நிப்பாடி, உன்னையும் என்னையும் போல, தலையில வலையை மாட்டிக்கிட்டு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் தனக்காக யாரோ ஒருத்தி நின்று சமைக்கிறாள் என்று லிலியான் உண்மையாகவே நம்புகிறாள். அதனால்தான் டப்பாவின் மேல் எழுதியிருப்பதை அட்சரம் பிசகாமல் செய்வாள். கிளறு என்றால் கிளறுவாள், மூடியில் துளை போடு என்றால் முள்கரண்டியால் துளை போடுவாள். மேலே ஜாதிக்காய்த் தூள், கொஞ்சம் வெண்ணெய் என்று சேர்க்கிற வேலையெல்லாம் கிடையாது. "சமைச்சவ ஒருத்தி இருக்கா. அவ கையை நான் எதுக்குத் திருத்தணும்?" என்பாள். வாய் வைக்கும் முன்பே உப்பை எடுத்துத் தூவுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. கேன்டீனில் வாத்தியார்மார் அப்படிச் செய்தால் முறைப்பாள்.

சாப்பிடும் விதத்தைப் பார்த்தால் டப்பாச் சாப்பாடு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். தனியாள்தான். ஆனாலும் மேஜை விரிப்பு உண்டு, வாய் துடைக்கத் துணி உண்டு, தண்ணீர் ஜாடி உண்டு. டப்பாவோடு எதுவும் மேஜைக்கு வரக்கூடாது. துருவல் கிண்ணத்துக்குப் போகும், மீன் சூப் குழித்தட்டுக்குப் போகும். முதலில் தொடுகறி, அடுத்து சூடாக ஒன்று, பிறகு சீஸ், கடைசியில் இனிப்பு. ரொட்டி மட்டும் மூலைக்கடை பேக்கரியில் அன்றன்று வாங்கியது. ரேடியோவை அணைத்துவிட்டு உட்காருவாள். முதல் வாய் போனதும் கண்ணை மூடிக்கொள்வாள். கை வாய்த்த நாளில், "ம், நல்லா பண்ணியிருக்கே" என்று சத்தமாகச் சொல்வாள். சுமாராக இருந்தால், "இன்னைக்கு வீட்டுல என்ன பிரச்சனையோ உனக்கு" என்பாள்.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் கெனெல். மீனையும் ரவையையும் பிசைந்து உருட்டிய நீளக் கொழுக்கட்டை, நண்டு நிறக் குழம்பில் மிதந்துகொண்டு தகர டப்பாவில் வரும். ஓவனில் வைத்தால் இரண்டு மடங்கு உப்பும். கதவுக் கண்ணாடி வழியாகக் குனிந்து அது உப்புவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்கமாட்டாள்.

போன வசந்த காலத்தில் அப்படி அவள் எடுக்காத போன், மகன் திபோவுடையது. அவன் மறுபடி அடித்தபோது தட்டிலிருந்த குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டே எடுத்தாள்.

திபோவுக்கு லியோனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அப்பன் வேறு குடித்தனம் போனபோது அவன் பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. லிலியான்தான் ஒண்டியாக வளர்த்து ஆளாக்கினாள். இப்போது சொலேன் என்ற பெண்ணோடு நிச்சயம் ஆகியிருந்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்பதுதான் செய்தி. லிலியானுக்குக் கை கால் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

"வரட்டும்டா கண்ணா! கெனெல் வச்சுடறேன். அந்தப் பச்சை டப்பா இருக்கு பாரு..."

"அம்மா." குரல் தணிந்தது. "அவங்க லியோன்காரங்கம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன். கெனெல் அவங்க ஊருதானே?"

"அதனாலதாம்மா வேணாங்கறேன். சொலேனோட அம்மா மீனை வாங்கி, முள்ளெடுத்து, தானே உருட்டுவாங்க. நீ சமையல்காரின்னு நான் சொல்லியிருக்கேன். ஒரே ஒரு நாள்... டப்பா எதுவும் வேணாமே. ப்ளீஸ்."

லிலியான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். பிறகு, "என்னைக்காவது உன்னைப் பட்டினி போட்டேனாடா?" என்றாள்.

"நான் அதையா சொன்னேன்?"

அதைச் சொல்லவில்லைதான். ஆனால் எதைச் சொன்னான் என்பது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு வலித்தது. வலித்தாலும், பிள்ளை ஒன்று கேட்டான், செய்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தாள். கன்றிறைச்சி வெள்ளைக் குழம்பு வைப்பதாகச் சொன்னாள். அவன் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது.

சனிக்கிழமை மதியமே திபோ வந்து இறங்கினான். அம்மாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான், காபி குடித்தான், பிறகு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறை அலமாரிகளைத் திறந்தான். பருப்பு டப்பா, மொச்சை டப்பா, மீன் சூப் ஜாடி, பச்சைக் கெனெல் டப்பாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. கட்டிடத்தின் அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாமான் அறை உண்டு. அங்கே கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். லிலியான் கேரட் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. சொந்த வீட்டில் திருட்டுச் சாமான் வைத்திருந்தவளைப் போல அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"நாளைக்கு அவங்க கிளம்பினதும் நானே மேல கொண்டாந்து வச்சுடறேம்மா" என்றான்.

"வை" என்றாள்.

மறுநாள் சொலேனோடு சம்பந்திகள் வந்தார்கள். சொலேனின் அப்பா எர்வே ஓய்வுபெற்ற நில அளவையாளர், நெட்டை மனிதர். அம்மா மரிவோன் குள்ளமாக, துறுதுறுவென்று இருந்தாள். இனிப்பு எங்கள் பொறுப்பு என்று விருந்தாளிகள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அங்கே அதுதான் வழக்கம்; வீட்டுக்காரர்கள் மற்றதைச் சமைத்தால் போதும். ஆனால் வாசலில் நின்ற மூவரின் கையிலும் ஒரு பூங்கொத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"நீங்களே சொல்லுங்க எர்வே, நீங்களே சொல்லுங்க" என்றாள் மரிவோன்.

எர்வே தொண்டையைச் செருமினார். "கேக் பெட்டியைக் கார் கூரை மேல வச்சேன். சாவி தேடுறதுக்காகத்தான்."

"தேடி எடுத்தீங்க. அப்புறம்?"

"வண்டியை எடுத்துட்டேன்."

"நாலு அடுக்கு ராஸ்பெரி கேக்குங்க! எந்த லாரிக்காரன் கண்ணாடியில போய் ஒட்டிச்சோ" என்றாள் மரிவோன்.

லிலியான் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல தொடக்கம்தான். திபோ மட்டும் கடிகாரத்தைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஊரில் பேக்கரியும் கிடையாது, சூப்பர் மார்க்கெட்டும் கிடையாது.

குழம்பு மேஜைக்கு வந்தது. முதல் வாய் வைத்ததுமே லிலியானுக்குத் தெரிந்துவிட்டது.

இத்தனை வருஷமாக அவள் சமைத்ததெல்லாம் பிள்ளைகளுக்கு. கேன்டீன் விதிப்படி உப்பு கொஞ்சம்தான், மிளகு வாசனைக்குக்கூடக் கிடையாது. தொண்டையில் சிக்காதபடி இறைச்சியைச் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும். பல் விழுந்த பிள்ளையும் மெல்லும்படி குழைய வேகவைக்க வேண்டும். ராத்திரி தூங்காமல் யோசித்து, காலையில் அத்தனை கவனமாகச் செய்தாளே, கை தன் பழக்கத்தை விடவில்லை. ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு ஏற்ற குழம்பு அது. அளவும் அப்படித்தான்; மேஜை நடுவில் இருந்த சட்டி, ஒரு வகுப்புக்கே காணும்.

"ரொம்ப... மென்மையா இருக்கு" என்றாள் மரிவோன்.

"வயித்துக்கு நல்லது" என்றார் எர்வே. அவருடைய கை உப்புச்சாடியைத் தேடி மேஜைமேல் மெதுவாக ஊர்ந்தது. உப்புச்சாடி வைக்கும் பழக்கமே அந்த வீட்டில் இல்லை என்பதால் அந்தக் கை ரொட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. சொலேன் தன் தட்டில் கேரட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திபோவின் காது சிவந்திருந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் லிலியானால் முடியவில்லை. டப்பா வைத்து அவன் மானம் போயிருந்தால் அது தொழிற்சாலைக்காரியின் கை. இது அவளுடைய சொந்தக் கை.

சீஸ் தட்டு வந்தபோது எர்வே அதன்மேல் விழுந்தார். ரொட்டிக்கூடை இரண்டு தரம் காலியாயிற்று. பிறகு கத்திகள் ஓய்ந்தன. எல்லாரும் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இனிப்பு இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை.

"காபி போடட்டுமா?" என்றான் திபோ, தேவைக்கு மேல் உற்சாகமாக.

"இரு" என்று லிலியான் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அலமாரியைத் துடைத்தெடுத்த பிள்ளை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டை மறந்திருந்தான். அங்கே தகட்டு மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. கேரமல் கஸ்டர்ட். அந்த ஊரில் எந்த வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கிறதுதான், விருந்து மேஜைக்கு மட்டும் யாரும் கொண்டுவரமாட்டார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டத்தில் வைக்கும்போது பின்னால் காலடி கேட்டது.

"அம்மா, வேணாம்மா." ரகசியக் குரலில் சொன்னான். "இல்லேன்னா இங்கயே தட்டுல கொட்டி, கிண்ணத்தைக் குப்பையில போட்டுடுவோம். நீ பண்ணினதுன்னு சொல்லிடலாம்."

லிலியான் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினாள். மகனை நேராகப் பார்த்தாள்.

"நான் பண்ணினதைத்தான் இப்ப எல்லாரும் சாப்பிட்டீங்களே" என்றாள். "போதும்டா. இதைப் பண்ணினவ நல்லா பண்ணியிருக்கா. அவளோடதை என்னோடதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"அவங்க என்ன நினைப்பாங்க?"

"அவங்களை விடு. நீ என்ன நினைக்கறே? உனக்கு வெக்கம் டப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்துன்னா இப்பவே சொல்லிடு. எல்லாத்தையும் திரும்ப உள்ள வச்சுட்டுக் காபி போடறேன்."

திபோ பதில் சொல்வான் என்று லிலியான் கொஞ்சம் நின்றாள். அதற்குமேல் நிற்க முடியாமல் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

மேஜையில் ஆளுக்கு ஒரு தட்டும், தட்டின்மேல் ஒரு கிண்ணமும் வைத்தாள். டப்பாவோடு எதுவும் ஏறாத மேஜை அது. வைத்து முடித்துத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடையில வாங்கினது" என்றாள். "நான் தினம் சாப்பிடறது இதுதான். இது மட்டுமில்ல, எல்லாமே கடையில வாங்கித்தான் சாப்பிடறேன். குழம்பு நான் வச்சது. அது எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும்."

மரிவோன் கிண்ணத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள். எர்வே மூடியின் ஓரத்தை நகத்தால் நெருடினார். என்ன நினைக்கிறார்கள் என்று அந்த முகங்களிலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. லிலியானும் படிக்க முயலவில்லை. அவள் கண் சமையலறை வாசலில்தான் இருந்தது.

திபோ வந்தான். தன் நாற்காலிக்குப் போகவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அம்மாவின் பக்கத்தில் நின்று, அவள் முன்னாலிருந்த கிண்ணத்தை எடுத்து மூடியை உரித்தான். தட்டை அதன்மேல் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினான். கிண்ணத்தின் அடியில் துருத்திக்கொண்டிருந்த சின்னப் பிளாஸ்டிக் முனையை விரலால் ஒடித்தான். டக் என்றது. காற்று உள்ளே போக, கஸ்டர்ட் தளர்ந்து ஒரு குலுக்கலோடு தட்டில் இறங்கியது. கேரமல் வழிந்து நாலு பக்கமும் ஓடியது. அவன் கிண்ணத்தைத் தூக்கி, அதன் உட்சுவரில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டும் விழுகிறவரை பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தட்டை அம்மாவின் முன்னால் வைத்து, அவளுடைய கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.